கழுத்துத் தமனிச் சுருக்கம், பழுதான சிறுநீரகம், கோப்பில் ஓர் ‘அயோடின் அலர்ஜி’: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளிக்கு வயது 62. பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். முப்பது வருஷம் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். முட்டி வலி வந்த பிறகு கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். சர்க்கரை 14 வருஷமாக இருக்கிறது. ரத்த அழுத்தம் உண்டு, பீடியும் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டிருப்பது எட்டு மாதத்துக்கு முன்பே தெரியும். சிறுநீரகம் வடிகட்டித் தள்ள வேண்டிய கழிவான கிரியாட்டினின் அப்போது ரத்தத்தில் 2.4.

இது நடந்தது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். வலை வேலை செய்பவர்களுக்குக் கை ஓயாத காலம் அதுதான். அவர் மருத்துவமனைக்கு வரத் தாமதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு திங்கட்கிழமை காலை, வலை பின்னிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து ஊசி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் விழுந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை குழறியது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. “வெயிலு தலையில ஏறிருச்சு” என்று மோர் கொடுத்து நிழலில் படுக்க வைத்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் மறுபடி வலைக்கு உட்கார்ந்துவிட்டார். நர்ஸிங் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், விஷயத்தைக் கேள்விப்பட்டுப் புதன்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே கூட்டிவந்துவிட்டாள்.

நான் இராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். கழுத்துத் தமனியைப் படமெடுக்க எந்தக் கான்ட்ராஸ்ட் மருந்து (ரத்தக்குழாய் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகப் போடுவது) என்பதை முடிவு செய்ய எங்களுக்கு எத்தனை நாள் ஆனது, அதில் எத்தனை வீண் என்பதைப் பதிந்து வைக்கவே இதை எழுதுகிறேன்.

முதல் நாள் கண்டவை

வந்தபோது கை, கால், பேச்சு எல்லாம் சரியாக இருந்தன. ரத்த அழுத்தம் 168/94. சாதாரண சிடி ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு இல்லை. இதயத் துடிப்பு சீராக இருந்தது. கிரியாட்டினின் 2.6, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் கணக்கிட்டால் 27, அதாவது நான்காம் நிலைச் சிறுநீரக நோய். ஹீமோகுளோபின் 9.8.

கண்ணைப் பற்றிக் கேட்டது பேத்திதான். அதற்குப் பிறகே அவர் சொன்னார்: “போன வாரம் இடது கண்ணுல திரை இறங்குன மாதிரி இருந்துச்சு தாயி. கசக்குனேன், போயிருச்சு.” இடது கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய் இடது உள் கழுத்துத் தமனியின் கிளை. வலது கையும் பேச்சும் இடது மூளையின் பொறுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இடது கழுத்தைத் தவிர வேறெங்கும் முதலில் தேட வேண்டியதில்லை.

அன்றைக்கே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் தொடங்கினோம். அன்று மாலையே ரத்த ஓட்டத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் டாப்ளர் முறையில் கழுத்தைப் பார்த்தேன். இடது உள் கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் சுண்ணாம்பு படிந்த ஒரு நீளமான திட்டு. சுண்ணாம்பு அல்ட்ராசவுண்டைத் தடுத்துக் கீழே கறுப்பு நிழல் போடும். நிழலுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. நிழலுக்கு மேலே தாடைக்குப் பின்னால் ஒளிவதற்குள் தமனி ஒரு விரல்கடை அளவுதான் தெரிந்தது. ரத்தம் ஓடினால் திரையில் கலர் வரும்; அங்கே வரவில்லை. ‘முழு அடைப்பாக இருக்கலாம்’ என்று எழுதினேன்.

கோப்பைத் திருப்பினால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு வரி: ‘அயோடின் அலர்ஜி. கான்ட்ராஸ்ட் கூடாது.’ பல வருஷத்துக்கு முன் வேறொரு இடத்தில் எழுதி, பக்கம் பக்கமாக நகலெடுத்து வந்த வரி அது. சிடிக்குப் போடும் கான்ட்ராஸ்டில் அயோடின் உண்டு.

அடைப்பா, சுருக்கமா

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தமனி முழுக்க அடைந்துபோயிருந்தால் அறுவை சிகிச்சையில் பயனில்லை, மாத்திரைதான். நூலிழை அளவு வழி இருந்தாலும் கதை வேறு. அந்த வழியாகத்தான் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் பிய்ந்து மூளைக்கு ஏறுகின்றன. அறிகுறி காட்டிய, 70 முதல் 99 சதவீதச் சுருக்கம் உள்ளவர்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1991-இல் வந்தது. மாத்திரை மட்டும் கொடுத்தவர்களில் இரண்டு வருஷத்துக்குள் 26 சதவீதம் பேருக்கு அதே பக்கத்துப் பக்கவாதம். திட்டைச் சுரண்டி எடுத்தவர்களில் 9 சதவீதம். அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப்பலன்; நாள் தள்ளத் தள்ளப் பலன் குறைகிறது.

எங்கள் நோயாளிக்கு அன்று மூன்றாம் நாள்.

வியாழக்கிழமை: நான் இழந்த நாள்

எங்கள் எம்ஆர்ஐ அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே காடோலினியம் போடாதே.’ காடோலினியம் எம்ஆர்ஐக்குப் போடும் கான்ட்ராஸ்ட். அந்தத் தடை 2006-க்குப் பிறகு வந்த பயம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காடோலினியம் போட்ட பின் தோலும் தசையும் இறுகிப் பலகை மாதிரி ஆகும் ஒரு நோய் அந்த வருஷம்தான் காடோலினியத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. பயம் நியாயமானதே. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் காடோடையமைடு போன்ற ஒரு வகை மருந்துகளோடு வந்தது. அவற்றில் காடோலினியத்தைப் பிடித்திருக்கும் மூலக்கூறு ஒரு நூல் சுற்றியது போல, சீக்கிரம் அவிழ்ந்துவிடும். காடோடெரேட், காடோபியூட்ரால் போன்ற வேறு வகை மருந்துகளில் அது கூண்டுக்குள் அடைத்தது போல இருக்கும். 2020-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், நான்காம், ஐந்தாம் நிலைச் சிறுநீரக நோயுள்ள 4,931 பேருக்குப் பாதுகாப்பான வகையைச் சேர்ந்த காடோலினியம் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. படித்திருந்தேன். ஆனாலும் சுவரில் ஒட்டியிருந்த தாள் ஜெயித்தது. கான்ட்ராஸ்ட் இல்லாமல், ரத்தம் ஓடுவதையே அடையாளமாக வைத்து எடுக்கும் ‘டைம் ஆஃப் ஃப்ளைட்’ முறையில் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னேன்.

அதில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. மூளைப் படத்தில் இடது பக்க மேல்பகுதியில் மூன்று சின்னப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. திங்கட்கிழமை வந்தது வெறும் எச்சரிக்கை அல்ல, சிறிய பக்கவாதமே என்பது உறுதியானது. ஆனால் கழுத்தைப் பொறுத்தவரை குழப்பம் கூடியது. திட்டு இருந்த இடத்தில் தமனி அறுந்தது போல ஒரு வெற்றிடம். அதற்கு மேலே மங்கலாக ஒரு கோடு. ரத்தம் சுழித்து ஓடினாலும் மெதுவாக ஊர்ந்தாலும் இந்த முறையில் படம் காணாமல் போகும். வெற்றிடம் இருந்தால் கடுமையான சுருக்கம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். டாப்ளர் ‘அடைப்பு’ என்கிறது, எம்ஆர்ஐ ‘இருக்கலாம்’ என்கிறது. மதுரையில் உள்ள ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் போனில் பேசினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “மேலே குழாய் திறந்திருக்கா, இல்லையா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை: சிவப்பு மை வரி

நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது: கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அலர்ஜியைப் பற்றிக் கேட்பது. அதை மூன்றாம் நாள்தான் செய்தேன்.

“ஐயா, இதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கும்போது ஊசி போட்டு உடம்பு சூடான மாதிரி எப்பவாவது இருந்துச்சா?”

“இல்ல தாயி. ஸ்கேனே இப்பத்தான்.”

“அப்ப அலர்ஜின்னு எப்படி எழுதுனாங்க?”

பதில் சொன்னது அவர் மனைவி. “இறால் தின்னா இவுகளுக்கு ஆகாது டாக்டரம்மா. ஒருதரம் உதடெல்லாம் தடிச்சு, உடம்பு பூராத் தடிப்புத் தடிப்பா வந்துருச்சு. அப்ப பாத்த டாக்டரு, கடல் சாமான்ல அயோடின் இருக்கு, அதான்னு எழுதிக் குடுத்தாரு.”

மீன்? தினமும் சாப்பிடுகிறார். நண்டு? அதுவும் ஒத்துக்கொள்ளாது. உப்பு? கடையில் வாங்கும் அயோடின் கலந்த பாக்கெட் உப்புதான்.

இறால், நண்டு அலர்ஜிக்குக் காரணம் அவற்றின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். மீன் அலர்ஜி என்றால் பெரும்பாலும் பார்வால்புமின். அயோடினுக்கு இதில் பங்கே கிடையாது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனிலேயே அயோடின் இருக்கிறது; அது இல்லாமல் யாரும் உயிர் வாழ முடியாது. எந்த அலர்ஜி உள்ளவர்களுக்கும் கான்ட்ராஸ்ட் ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. கத்தரிக்காய் அலர்ஜிக்கும் அதேதான். இறாலுக்குத் தனி இடம் இல்லை.

இறாலும் நண்டும் ஏலம் போகிற கரை இது. இப்படி எழுதப்பட்ட வரி எங்கள் பக்கத்தில் எத்தனை கோப்புகளில் இருக்கும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. சிவப்பு வரியை அடித்து, ‘இறால், நண்டு உணவு அலர்ஜி. கான்ட்ராஸ்ட் இதுவரை போட்டதில்லை’ என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

எது நம் கையில் இருக்கிறது

அயோடின் தடை நீங்கியது. சிறுநீரகத் தடை அப்படியே இருந்தது. வெள்ளி மதியம் நானும் பொது மருத்துவரும் உட்கார்ந்து பேசினோம்.

அயோடின் கான்ட்ராஸ்ட் போட்டு சிடி ஆஞ்சியோ, அதாவது சிடியில் ரத்தக்குழாய்ப் படம்: வேகமானது, எங்களிடமே இருக்கிறது. சிறுநீரகத்துக்கு அது செய்யும் கேடு முன்பு நினைத்த அளவு இல்லை என்பது இப்போது பரவலான கருத்து. இருந்தாலும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கவனம் தேவை. முன்னும் பின்னும் சலைன் ஏற்றி, குறைந்த அளவு போட்டு எடுக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் இதைச் செய்வது என்று முடிவெடுத்தோம். மூளையா சிறுநீரகமா என்று வந்தால் மூளைதான். ஆனால் இவருக்கு இன்னொரு தொல்லை: சிடியில் சுண்ணாம்பு உள்ளதைவிடப் பெரிதாகப் பூத்துத் தெரியும். அவ்வளவு கனத்த சுண்ணாம்புக்கு நடுவே நூலிழை வழியை அளப்பது கஷ்டம்.

இந்த இடத்தில் அவருடைய மைத்துனர் குறுக்கே வந்தார். “எங்க அண்ணனுக்குக் கால்ல ரத்தக்குழா அடைச்சப்ப, கிட்னி வீக்குன்னு சாயம் போடாம கேஸ் அடிச்சுப் பாத்தாங்க. இவருக்கும் அதையே பாருங்க சார்” என்று பொது மருத்துவரிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் சொன்ன கேஸ் கார்பன் டை ஆக்சைடு. அது சிறுநீரகத்தைத் தொடாது, அலர்ஜியும் வராது. வயிறு, கால் தமனிகளுக்கு நல்ல மாற்று. ஆனால் உதரவிதானத்துக்கு மேலே தமனிக்குள் அதைச் செலுத்தவே கூடாது. வாயு மூளைக் குழாய்களுக்குள் ஏறி அடைத்துவிடும். எந்த அவசரத்திலும் இதற்கு விலக்கு இல்லை.

ஃபெரூமாக்ஸிடால் பற்றியும் பேசினோம். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக அமெரிக்காவில் 2009-இல் அனுமதிக்கப்பட்ட இரும்பு மருந்து. எம்ஆர்ஐயில் ரத்தக்குழாயைப் பிரகாசமாகக் காட்டும். பல மணி நேரம் ரத்தத்திலேயே தங்கும், சிறுநீரகம் வழியே வெளியேறாது. ஹீமோகுளோபின் 9.8 உள்ளவருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் போலத் தோன்றியது. ஆனால் ரத்தக்குழாயைப் படமெடுக்க அதற்கு முறையான அனுமதி கிடையாது. கடுமையான ஒவ்வாமை வந்ததால் 2015-இல் எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கினார்கள். மெதுவாக, குறைந்தது 15 நிமிஷம் ஏற்ற வேண்டும். மூன்று மாதம் வரை அடுத்து எடுக்கும் எம்ஆர்ஐ படங்களைக் குழப்பும். எங்களிடம் மருந்தும் இல்லை. விட்டுவிட்டோம்.

மிஞ்சியவை இரண்டு. வாயு அடைத்த நுண்குமிழி மருந்து போட்டு அல்ட்ராசவுண்ட். கூண்டு வகைக் காடோலினியம் போட்டு எம்ஆர்ஐ. முதலாவது, ‘திறந்திருக்கா இல்லையா’ என்பதற்கு உடனே பதில் சொல்லும். இரண்டாவது, நெஞ்சிலிருந்து மூளை வரை முழுப் பாதையையும் காட்டும், சுண்ணாம்பு அதைக் கெடுக்காது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றல்ல என்பதுதான் எங்களுக்குத் தெளிவானது. இரண்டையும் மதுரையில் திங்கட்கிழமை செய்யலாம் என்று நேரம் வாங்கினோம்.

அன்று இரவு 11 மணிக்கு வார்டிலிருந்து போன். தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனவருக்கு வலது கை எழும்பவில்லை. இருபது நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கு மேல் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க யாருக்கும் தைரியம் இல்லை. அறுவை மருத்துவரை எழுப்பினேன். “விடியக்காலையில கிளம்புங்க” என்றார்.

சனிக்கிழமை, மதுரை

ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். பரமக்குடி தாண்டும்போது பேத்தி மெல்லக் கேட்டாள்: “மேடம், தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் கம்ப்ரஸர் போட்டுச் சங்கு எடுக்கப் போய், ரத்தத்துல காத்து ஏறிக் கால் விழுந்துருச்சுன்னு பாட்டி சொல்லும். கேஸ் ஆகாதுன்னு நீங்களே சொன்னீங்க. இந்தக் குமிழியும் காத்துதானே?”

அந்தக் கேள்விக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. இந்த வாயு சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு. ஒவ்வொரு குமிழியும் சராசரியாக 2.5 மைக்ரான், ரத்தச் சிவப்பணு அதைப்போல மூன்று மடங்கு. கொழுப்பு உறை போர்த்தியிருப்பதால் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாது. தமனியில் இல்லை, கையின் சிரையில் போடுகிறோம். நுரையீரலைக் கடந்துதான் கழுத்துக்கு வரும். போடுவது 2.4 மி.லி.; அதிலுள்ள வாயு மொத்தமும் சேர்ந்தாலும் ஒரு சொட்டில் பாதி தேறாது. இரண்டு நிமிஷத்துக்குள் பெரும்பகுதி மூச்சோடு வெளியே போய்விடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை. சொல்லி முடித்ததும் அவள் திரும்பி, அதையே தாத்தாவுக்குப் புரிகிற மாதிரி என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

மருந்துக் குப்பியில் இருப்பது வெள்ளைப் பொடி. சலைன் விட்டு இருபது நொடி குலுக்கினால் பால் மாதிரி ஆகிவிடும். ஊசி போட்டபின் திரை முதலில் வெறும் இருட்டு; தசை, கொழுப்பு எல்லாவற்றையும் இயந்திரம் மறைத்துவிடுகிறது. சில நொடியில் பொதுக் கழுத்துத் தமனி கீழிருந்து வெள்ளையாக நிறைந்தது. வெளிக்கிளை ஒளிர்ந்தது. சுண்ணாம்பு நிழல் கறுப்பாகவே நின்றது, குமிழியாலும் அதை ஊடுருவ முடியவில்லை. அதற்கு மேலே, நான் ‘கலர் இல்லை’ என்று எழுதிய அதே விரல்கடை இடத்தில், குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேல்நோக்கி ஏறின. தமனி திறந்திருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து எம்ஆர்ஐ. எடை 58 கிலோ. காடோடெரேட் வழக்கமான ஒற்றை அளவு, 11.6 மி.லி. இடது உள் கழுத்துத் தமனியின் தொடக்கத்தில் சுமார் 85 சதவீதச் சுருக்கம், ஒன்றரை செ.மீ. நீளம். அதற்கு மேலே குழாய் தன் இயல்பான அகலத்தோடு போகிறது, சுருண்டுபோகவில்லை. வலது பக்கத்தில் 50 சதவீதம். மூளைக்குள் குழாய்கள் நன்றாக இருந்தன. அறுவை மருத்துவருக்கு வேண்டியது அனைத்தும் அந்த ஒரு படத்தில் இருந்தது.

பின் நடந்தவை

புதன்கிழமை, அதாவது கையும் பேச்சும் தடுமாறிய திங்கட்கிழமையிலிருந்து பத்தாம் நாள், கழுத்தை மட்டும் மரக்கச் செய்து அறுவை நடந்தது. அறுவை முழுக்க அவர் கையில் ஒரு ரப்பர் பொம்மை. சொல்லும்போதெல்லாம் அழுத்தி ஒலி எழுப்ப வேண்டும், மூளைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க அது ஒரு வழி. ஒரு தடவையும் தவறவில்லை.

கிரியாட்டினின் காடோலினியத்துக்கு 48 மணி நேரம் கழித்து 2.6. அறுவைக்குப் பின் 2.9 வரை ஏறி, ஆறு வாரத்தில் 2.5-க்கு இறங்கியது. தாடை ஓரத்தில் மரத்துப்போன உணர்வு மூன்று மாதம் இருந்தது. ஆறாம் மாதம் வந்தபோது கை, பேச்சு, கண் எதிலும் புதிதாக ஒன்றும் இல்லை. கால் தோலைத் தடவிப் பார்த்தேன், இறுக்கம் இல்லை. பீடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

மாற்றியவை, இன்னும் மாறாதவை

அந்தப் பத்து நாளில் இரண்டு கரையில் போனது. ஊர்க்காரர்கள் மேல் அதற்காகப் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலி இல்லாத, பத்து நிமிஷத்தில் மறைகிற ஒன்றை நோய் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் வியாழனும் வெள்ளியும் எங்கள் கையில் போனவை. வெள்ளி இரவு கை எழும்பாமல் போனது நிரந்தரமாகியிருந்தால் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். முதல் எம்ஆர்ஐயிலேயே காடோடெரேட் போட்டிருந்தால் வியாழன் மாலையே முழு விடை கிடைத்திருக்கும்.

சுவர்த் தாளைக் கிழித்துவிட்டோம். புதிய தாளில் மருந்தின் பெயரைச் சொல்லித்தான் தடை: நூல் வகை கூடாது, கூண்டு வகையை, தேவை இருந்தால், இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழேயும் ஒற்றை அளவு போடலாம். அலர்ஜி என்ற கட்டத்துக்குக் கீழே மூன்று கேள்வி சேர்த்தோம்: எதைச் சாப்பிட்டபோது அல்லது எந்த ஊசி போட்டபோது, எத்தனை நிமிஷத்தில், என்ன வந்தது? பதில் இல்லாமல் ‘அயோடின்’ என்று மட்டும் யாரும் எழுதக் கூடாது. கலர் வராத கழுத்துத் தமனியை டாப்ளரை மட்டும் நம்பி ‘அடைப்பு’ என்று நான் இப்போது எழுதுவதில்லை.

நுண்குமிழி மருந்து இன்னும் எங்களிடம் இல்லை. கருவியில் அதற்கான வசதி இருக்கிறது, குப்பிதான் இல்லை, கேட்டு எழுதியிருக்கிறோம். அதுவரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும்.

அவருடைய வலது தமனியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாப்ளரில் பார்க்க வேண்டும். அடுத்த முறை மே மாதத்தில் வருகிறது, மறுபடியும் வலை வேலை நெருக்கும் நேரம். பேத்தியின் போன் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.